சுவரை ஊற்றும் முன் எங்கள் வீட்டை அளந்து பாருங்கள்

மும்பை தாராவியின் குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டப்போகும் புது வீடுகளுக்குப் பிளான் வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும், பொறியாளர்களுக்கும், அந்தப் பிளானில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நானும் பிளான் வரைகிறவள்தான். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து 1989இல் தாதரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். டிரேசிங் பேப்பரில் மைப்பேனாவால் கோடு போட்டு, தப்பு வந்தால் பிளேடால் சுரண்டி, அம்மோனியா நெடியில் கண் கலங்கப் பிரிண்ட் எடுத்த காலம் அது. அப்புறம் ஆட்டோகேட் வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் சுவர் வரைந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பிறந்தது, வளர்ந்தது, இன்றும் குடியிருப்பது எல்லாம் தாராவியில், கிராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். அதனால் உங்கள் தொழில் தெரிந்தவளாகவும், உங்கள் பிளானுக்குள் குடிபோகப் போகிறவளாகவும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வீடு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் அம்மா நாற்பது வருடம் விடிகாலை நாலு மணிக்குப் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவள். மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, ஒரு கையில் டப்பா, இருட்டில் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு எழுப்பிக்கொண்டு போவாள். 2024 ஜனவரியில் 350 சதுர அடி வீடு, உள்ளேயே சமையலறையும் கழிப்பறையும் என்று அறிவிப்பு வந்தபோது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தானே?" அந்தத் தாழ்ப்பாளுக்காகவே எனக்கு இந்தத் திட்டம் வேண்டும்.

1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ. தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி என்றார்கள். அப்புறம் அது 269 ஆனது, 300 ஆனது. எங்களுக்கு 350. பரப்பளவு கூடியிருப்பதில் சந்தோஷம்தான். என் கவலை சுவரைப் பற்றியது.

இப்போது மும்பையில் உயரக் கட்டடம் என்றால் பெரும்பாலும் அலுமினிய ஷட்டரிங்தான், அதாவது கான்கிரீட் ஊற்றும் அலுமினிய அச்சு. தளத்தையும் சுவரையும் சேர்த்து ஒரே மூச்சில் கான்கிரீட்டாக ஊற்றிவிடுகிறார்கள். வேகமான முறை. ஒரே மாதிரி ஆயிரம் வீடு வேண்டுமென்றால் இதைவிடச் சுலபம் வேறில்லை. நானே அப்படி நிறைய வரைந்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே நிற்கும் சுவர்கூடப் பல இடங்களில் கட்டடத்தைத் தாங்கும் சுவர். அதை எடுக்கக் கூடாது, அதில் கதவு திறக்கக் கூடாது. இன்றைக்கு நீங்கள் போடும் கோடு, கட்டடம் நிற்கும்வரை அப்படியே நிற்கும்.

எங்கள் வீட்டின் பிளான் என் ஆயுசிலேயே ஐந்து தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிழைப்பு மாறியது, அதனால் வீடும் மாறியது. அதை உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அப்பா 1966இல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் தாத்தா வீடு ஒரே அறை, முன்னால் ஒரு மண் திண்ணை, அவ்வளவுதான். ஆச்சி வேலைக்குப் போன பெரிய வீட்டில் எல்லாம் இருந்தது. திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், பட்டாசல் என்கிற நடுக்கூடம், அரங்கு என்கிற உள்ளறை, அடுக்களை, கடைசியில் புறவாசல். அந்தக் காலத்துச் சொத்து நெல்லும் பித்தளையும். அதனால் வீட்டின் நடுவிலேயே, வெளிச்சம் படாத அரங்கில் அதை வைத்துப் பூட்டினார்கள். வெளியாள் திண்ணையோடு சரி, உறவுக்காரர் தார்சா வரை, பெண்கள் அடுக்களைப் பக்கம். ஆச்சி சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் புறவாசலில் நிற்பாள். தார்சா எப்படி இருக்கும் என்று அவள் கடைசிவரை பார்த்ததில்லை. யார் எதுவரை வரலாம் என்பதும் அந்தப் பிளானில் இருந்தது. பழைய வீட்டின் முற்றத்தையும் மரத்தூணையும் படத்தில் காட்டி, இதெல்லாம் போய்விட்டதே என்று யாராவது வருத்தப்படும்போது எனக்கு ஆச்சி நின்ற அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

பம்பாயிலும் அது தொடர்ந்தது. 1896இல் இங்கே பிளேக் வந்தது. நெரிசலும் காற்றில்லாத வீடுகளும்தான் காரணம் என்று நினைத்து 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதரையும் மாட்டுங்காவையும் வீதி வீதியாக அளந்து மனை போட்டது அந்த டிரஸ்ட்தான். மாட்டுங்காவில் நம் தென்னிந்தியக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஆபீஸ் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் அதிகம். கூட்டுக்குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாதச் சம்பளத்தை நம்பி வந்தவர்களுக்கு, எல்லாம் தனக்குள்ளேயே இருக்கிற சின்ன வீடு தேவைப்பட்டது. கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவருவது அவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. அதனால் அதை வீட்டின் பின்கோடியில் வைத்தார்கள், சுத்தம் செய்ய வருகிறவர் வீட்டுக்குள் நுழையாமல் வருவதற்குப் பின்னால் தனியாக ஓர் இரும்புப் படிக்கட்டு வைத்தார்கள். 1930களிலும் 40களிலும் கட்டிய கட்டடங்கள் சிலவற்றின் பின்னால் அந்தப் படிக்கட்டு இன்றும் துருப்பிடித்து நிற்கிறது. என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டுங்காவில் பாத்திரம் தேய்க்கப் போனது அந்தப் படிக்கட்டு வழியாகத்தான். சேலைத் தலைப்பு துருவில் மாட்டிக் கிழிந்ததை இப்போதும் சொல்வாள். ஊரில் மாமியாருக்குப் புறவாசல், இங்கே மருமகளுக்குப் பின்படிக்கட்டு.

ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது இன்னொரு பிளான். 1920களில் அரசாங்கத்தின் பம்பாய் வளர்ச்சித் துறை (பி.டி.டி.) கட்டிய சால்களில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடங்களில், ஓர் அறை 160 சதுர அடி. நடுவில் நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள், மாடிக்குப் பொதுவாகக் கழிப்பறை. குடும்பத்தைக் கொங்கணத்தில் விட்டுவிட்டு வந்த ஆம்பிளைகள் ஷிப்ட் முறையில் தூங்கி எழுந்து போக அது போதும் என்று நினைத்தார்கள். அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகள் வந்தார்கள். அறைக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மூலையைத் தடுத்து மோரி கட்டினார்கள். நூறு வருடம் அதே 160 அடியில் நாலு தலைமுறை வாழ்ந்தது. இப்போது அங்கே 500 சதுர அடி வீடு தருகிறார்கள், வொர்லியில் 2025 ஆகஸ்டில் முதல் தொகுதிச் சாவிகளும் கொடுத்துவிட்டார்கள். தனி ஆளுக்கு என்று வரைந்த பிளானுக்குள் குடும்பங்கள் ஒரு நூற்றாண்டு அடைந்து கிடந்தன என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி எங்கள் வீடு.

பத்துக்குப் பதினைந்து. முதலில் பலகையும் தகரமும். வாசலில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு மேடை. மராத்திக்காரர்கள் ஓட்லா என்பார்கள், எங்களுக்கு அது திண்ணை. உள்ளே நுழைந்ததும் வலது மூலையில் மோரி, இடது மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, தரையில். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அந்த நாற்றம் துணியில் ஏறிவிடும் என்பதால் அவர் திண்ணையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு நேராக மோரிக்குப் போவார். மோரி வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் ஆட்டுத்தொட்டி தேவனாருக்குப் போனபிறகு தாராவியின் தோல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா ஒரு தையல் மிஷின் வாங்கிப் பை தைக்க ஆரம்பித்தார். மிஷின் வைக்க இடம்? பலகையைப் பிரித்துச் செங்கல் வைத்தோம், மேலே ஒரு தட்டு போட்டோம். போட்மாலா என்பார்கள். மாநகராட்சிக் கணக்கில் எங்கள் மாதிரி வீடு 14 அடிக்கு மேல் உயரக் கூடாது. அதற்குள் இரண்டு தளம். கீழே நிமிர்ந்து நிற்கலாம், மேலே அப்பா தலையைக் குனிந்தே நடப்பார். ஏறுவதற்கு இரும்பு ஏணி, வீட்டுக்கு வெளியே, ஏனென்றால் தோல் மூட்டை தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து போவார்கள். கீழே அம்மா மாட்டுங்கா வேலையை விட்டுவிட்டு முறுக்குச் சுற்ற ஆரம்பித்தாள். அப்போது மோரி வாசல் பக்கத்திலிருந்து பின்மூலைக்குப் போனது. வாசல் பக்கம் எண்ணெய்ச் சட்டிக்குக் காற்றோட்டம் வேண்டியிருந்தது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் மிஷின் வேறு கடைக்குப் போனது, மேல்தட்டு அவர்களுக்கு. ஏணியை உள்ளே கொண்டுவந்தோம். அப்பா தவறிப்போய், அண்ணனுக்கும் வேலை இல்லாமல் போன இரண்டு வருடம் அவர்கள் கீழே வந்து படுத்தார்கள். மேல்தட்டை பீகாரிலிருந்து வந்த நாலு பையன்களுக்கு வாடகைக்கு விட்டோம். ஏணி மறுபடி வெளியே போனது. தாராவியில் ஒரு வீட்டைப் பார்த்ததும் அதன் கதையைச் சொல்லிவிடலாம். ஏணி உள்ளே இருந்தால் மேலே மகனும் மருமகளும், வெளியே இருந்தால் வாடகை. அதே ஏணிதான், ஒரு வெல்டர் வந்து அரை நாளில் மாற்றிவிடுவார். எங்கள் ஏணியின் பழைய கொக்கி அடித்த தழும்பு உள்சுவரில் இரண்டும் வெளிச்சுவரில் இரண்டும் இன்னும் இருக்கிறது.

நீங்கள் பிளானில் ஏணியைப் பார்க்கவே மாட்டீர்கள். உங்கள் கணக்கில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள் வீடு. மாடியில் இருப்பவருக்கு வெளியே எங்கோ, வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். எங்களுக்கு மேலும் கீழும் ஒரே வீடு. மேல்தட்டு மாதாமாதம் கொடுத்த வாடகையில்தான் என் அண்ணன் மகள் கல்லூரிக்குப் போனாள்.

2005 ஜூலை 26ஐ மும்பையில் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது. அதற்கப்புறம் தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம், பிளக் பாயின்ட் எல்லாம் நாலடி உயரத்துக்குப் போனது, அரிசி டிரம் மேல்தட்டுக்குப் போனது. தரை உயர்ந்ததால் கீழ்த்தளத்தின் உயரம் குறைந்தது. இப்போது அண்ணன் விசிறிக்குக் கீழே கையைத் தூக்குவதில்லை. இதுவும் ஒரு பிளான் மாற்றம்தான், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடந்தது.

கடைசி மாற்றம் 2020இல். ஊரடங்கு. அண்ணன் மகளுக்கு அப்போதுதான் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு கதவே கிடையாது. மேல்தட்டில் ஒட்டுப்பலகையால் நாலடிக்கு ஆறடியில் ஒரு தடுப்புக் கட்டி, மடக்குக் கதவு வைத்துக் கொடுத்தோம். கீழே எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்காமல் இருக்க அவள் தடுப்பின் உள்பக்கம் பழைய போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். எங்கள் குடும்பத்தில் தனக்கென்று ஒரு கதவு கிடைத்த முதல் பெண் அவள்தான்.

சரி, உங்கள் 350 சதுர அடிக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே அதை வரைந்து பார்த்தேன். ஹால் 10க்கு 12. படுக்கையறை 9க்கு 11. சமையலறை 6க்கு 9, தேசியக் கட்டட விதி கேட்கும் 5 சதுர மீட்டர் சரியாக வந்துவிடும். குளியலறை 4க்கு 6, கழிப்பறை 3க்கு 4. இவற்றைச் சேர்க்க ஒரு நடை 3க்கு 10. கூட்டினால் 339. மிச்சம் 11 சதுர அடியை வாசலில் செருப்புக்கு விடலாம். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு இது நல்ல வீடு. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் மதினியை அந்தச் சமையலறையில் உட்கார வைத்துப் பாருங்கள். ஓட்டா, அதாவது சமையல் மேடை, இரண்டடி அகலம். மிச்சத் தரை 4க்கு 9. அதில் ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி சுற்ற, ஒருத்தி சட்டியில் போட்டு எடுக்க வேண்டும். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நின்றுகொண்டு முறுக்குச் சுற்றினால் அரை மணியில் தோள்பட்டை கழன்றுவிடும். கேஸ் சிலிண்டர் வந்தபிறகு சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியது, அதற்கு ஏற்ற மாதிரி சமையலறையும் சுருங்கி ஒருத்தி மட்டும் நிற்கிற இடமாக ஆனது. வீட்டுச் சமையலுக்குச் சரி. தினம் பதினைந்து கிலோ மாவுக்கு? சுற்றிய முறுக்கைத் துணியில் பரப்ப எங்களுக்கு இப்போது மொத்தத் தரையும் வேண்டும். காலை ஒன்பதரை வரை எங்கள் வீட்டில் யாரும் காலை நீட்ட முடியாது. அதற்கப்புறம் துணியை உதறி மடித்தால் அதே இடம் ஹால், மதியம் பிள்ளைகளுக்கு டியூஷன், இரவு படுக்கை. உங்கள் நடுச்சுவர் அங்கே வந்து நின்றால் அந்தத் தரை இரண்டாகிவிடும். எதற்கும் போதாது.

தொழிலுக்குத் தனி இடம் தருவோம் என்று சொல்கிறீர்கள். பதிவு செய்த பட்டறைக்கு அது உதவும். மதினியின் முறுக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரமெங்கும் போகிற எங்கள் ஆட்களின் இட்லியும் வீட்டுக்குள்தான் வேகிறது. தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவைப் போய்ப் பாருங்கள். வீட்டின் ஒரு வாசல் தெருவுக்கு, அங்கே பானை விற்பார்கள். மறு வாசல் சூளைக்கு, அங்கே பானை சுடுவார்கள். நடுவில் குடித்தனம். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் இல்லையென்றால் அது வீடே கிடையாது.

என் சித்தி மகள் இருபது வருடத்துக்கு முன் ஒரு மறுவாழ்வுக் கட்டடத்தில் ஏழாவது மாடிக்குப் போனாள். 225 சதுர அடி. கிரகப்பிரவேசத்தன்று கழிப்பறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிச் சிரித்தாள். அவள் அப்பளம் இடுகிறவள். ஆறு மாதத்தில் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்கள். நடைவழியில் காயப்போட்டாள், பக்கத்து வீட்டோடு சண்டை வந்தது. இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் ஐந்தடி நடைவழி, பகலிலும் டியூப் லைட். சந்தில் இருந்தபோது எங்கள் எல்லார் வீட்டுக் கதவும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். அவள் அப்பளத்தை விட்டுவிட்டாள். லிப்ட் வேலை செய்யாத வாரங்களில் அவள் மாமியார் கீழே இறங்கியதே இல்லை. அந்தக் கிழவி மூன்று வருடம் ஜன்னல் வழியாகவே மழையைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

ஜன்னலாவது இருந்தது. மான்குர்தில் லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட் மாதிரி மறுகுடியேற்றக் காலனிகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். மும்பை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து மருத்துவர்கள் அங்கே செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வெளிச்சமும் காற்றும் வராத கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகம் என்று அது காட்டியது. பிளேக்குக்குப் பயந்து 1898இல் காற்றுக்காகத் தெரு வெட்டிய அதே ஊர் இது.

உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பிளானை நாம் வரைகிறோம் என்று பேர். பாதியை எஃப்.எஸ்.ஐ. கணக்குதான், அதாவது மனை அளவுக்கு எவ்வளவு பரப்பு கட்டலாம் என்கிற கணக்குதான், வரைகிறது. 2012க்கு முன் ஜன்னலோரப் பூத்தொட்டி எஃப்.எஸ்.ஐ.யில் சேராது. அதனால் இந்த நகரத்தில் அறைக்கு அறை பூத்தொட்டி வரைந்தோம். நானே நூற்றுக்கணக்கில் வரைந்திருக்கிறேன். குடிவந்தவர்கள் சுவரை எடுத்து அதை அறையோடு சேர்த்துக்கொண்டார்கள். விதி மாறியது, பூத்தொட்டியும் பிளானிலிருந்து மறைந்தது. விதி ஒரு கோட்டை வரவழைக்கும் என்றால், முறுக்குக்கும் இட்லிக்கும் ஏணிக்கும் இடம் வருகிற மாதிரி ஒரு விதி எழுதுவதற்கும் முடியும்தானே. இந்தத் திட்டத்துக்கு எத்தனையோ விதிகளைத் தளர்த்தியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குழாய் போகிற சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றையும் ஒரு பக்கமாக ஒட்டி வைத்துக் கெட்டியாகக் கட்டிவிடுங்கள். மிச்ச இடத்தைத் தூணும் உத்தரமும் தாங்கட்டும், நடுவில் கான்கிரீட் சுவர் வேண்டாம். எங்களுக்குச் சுவர் வேண்டுமென்றால் நாங்கள் பலகையிலோ இலேசான கல்லிலோ வைத்துக்கொள்கிறோம், வேண்டாதபோது எடுத்துக்கொள்கிறோம். அலுமினிய ஷட்டரிங்கால் மிச்சமாகும் மாதங்களைப் பற்றி நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் தெரியும். அந்த மாதங்கள் ஒரு தடவைதான் மிச்சமாகும். நாங்கள் அங்கே ஐம்பது வருடம் இருக்கப் போகிறோம்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் வெளியிலிருந்து தனித்தனி வாசல் வைக்க வழி விடுங்கள். இரண்டாவது வாசலை இன்றைக்கே திறக்க வேண்டாம், உத்தரம் மட்டும் போட்டு இலேசாக அடைத்து வையுங்கள். எங்கள் ஏணி செய்த வேலையை அது செய்யும். சில மாடிகளிலாவது ஒன்பது அடி உயரத்தைப் பதினோரு அடி ஆக்குங்கள். கீழே ஏழடி விட்டால் மேலே படுக்க ஒரு தட்டு வரும், வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு மூலை கிடைக்கும். நடைவழியின் ஒரு பக்கம் வானம் தெரியட்டும், பழைய சால்களின் காலரி மாதிரி. எட்டடி அகலம் கொடுத்தீர்களானால் கதவுகள் தானாகத் திறக்கும். மொட்டை மாடிச் சாவியைக் காயப்போடுகிற பெண்களிடம் கொடுங்கள். நாலு மாடிக்கு ஒரு பொது வேலைக்கூடம், தரையில் உட்கார்ந்து செய்கிற மாதிரி, தண்ணீர் ஓட ஒரு கால்வாயும் புகை போக ஒரு குழாயும் வைத்து. கும்பார்வாடாவைப் பற்றி நான் பேசக் கூடாது, அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். அவர்களைக் கேளுங்கள்.

வீடு வீடாக வந்து கணக்கெடுத்தீர்கள். கதவில் எண் போட்டீர்கள், ஆதார், ரேஷன் கார்டு, கரன்ட் பில் எல்லாம் வாங்கிப் படம் எடுத்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பையனிடம் மதினி கேட்டாள், நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்று எழுதிக்கொள்ள மாட்டீர்களா என்று. அவனுடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நீளம் அகலம் இருந்தது, குடியிருப்பா வியாபாரமா என்று ஒரு கட்டம் இருந்தது. குடியிருப்பு என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை.

அதனால் உங்களில் வரைகிற யாராவது ஒருவர், கோடு போடும் கையே, ஒரு நாள் வந்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்தால் ஒரு காலி அறைதான் தெரியும். காலை நாலரை மணிக்கு வாருங்கள். அடுப்பு பற்றவைக்கும் நேரம். அம்மா மாவு அளந்துகொண்டிருப்பாள், மதினியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், அண்ணன் மேலே தூங்கிக்கொண்டிருப்பார், ஏணிக்கு அடியில் எண்ணெய் டின். அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும், முழங்காலிலிருந்து முழங்காலுக்கு. டேப் என்னிடம் இருக்கிறது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராவியில் குடியிருக்கும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன்